சலாபத்துக்குப் போனவர்கள்

ஓர் அரசாங்கம் எதை எண்ணிக் கணக்கில் எழுதி வைக்கிறது என்பதைக் கொண்டு, அது எதைப் பெரிதாக மதித்தது என்பதை நாம் அறிந்துகொள்ளலாம். மன்னார்க் கடலின் முத்துப்பார்களைப் பற்றி அடுத்தடுத்து ஆண்ட ஐரோப்பியர் எழுதி வைத்த பதிவுகள் ஏராளம். எந்தப் பாரில் எத்தனை வயதுச் சிப்பி கிடந்தது, எத்தனை தோணிகள் கடலுக்குச் சென்றன, ஆயிரம் சிப்பி என்ன விலைக்குப் போயிற்று, கருவூலத்துக்கு எவ்வளவு பணம் சேர்ந்தது என்பன போன்ற செய்திகளெல்லாம் அவற்றிலே உண்டு. ஆனால் அந்தச் சிப்பியை எடுத்து வந்த மனிதன் எந்த வீட்டை விட்டு வந்தான், சலாபம் முடிந்து எப்படித் திரும்பினான், சலாபமே இல்லாத ஆண்டில் அவன் குடும்பம் எதை உண்டது என்று கேட்டால், அந்தப் பதிவுகள் பெரும்பாலும் மௌனமாகிவிடுகின்றன.

தொழில் தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் உழைப்பாளியின் வரலாற்றை ஆராய்வோர் நகரங்களையும் தோட்டங்களையுமே முதலில் நாடுவது வழக்கம். இன்று நாம் ஒரு கடற்கரை ஊரின் வழியாக அவ்வரலாற்றைப் பார்ப்போம். அந்த ஊர் மன்னார்த் தீவிலுள்ள எருக்கலம்பிட்டி.

எருக்கலை மண்டிய மேட்டு நிலம் என்ற பொருளை ஊரின் பெயரே தருகிறது. மன்னார் நகருக்கு வடமேற்கே, பனையும் தென்னையும் முள்மரமும் நிறைந்த மணற்பாங்கான நிலத்திலே அமைந்துள்ள முஸ்லிம் ஊர் அது. நெல் விளையும் நிலம் தீவிலே அரிது. ஆகவே இவ்வூர் மக்களிற் பலர் நெடுங்காலமாகக் கடலையே வயலாகக் கொண்டனர். மீன்பிடித்தல், சங்கு குளித்தல் ஆகியவற்றோடு, சில ஆண்டுகளில் மட்டும் கைகூடிய மற்றொரு தொழிலும் அவர்களுக்கு இருந்தது. அதுவே முத்துக்குளிப்பு. மக்கள் வழக்கில் அதற்குச் சலாபம் என்று பெயர்.

முத்துச் சிப்பிகள் விளையும் பார்கள் மன்னார்த் தீவை ஒட்டியவை அல்ல. அவை தீவுக்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு நேரே, கரையிலிருந்து பல மைல் தொலைவிலே கிடப்பவை. அதனால் சலாபம் கூடும் என்று அறிவிப்பு வந்ததும், எருக்கலம்பிட்டிச் சுழியோடிகள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தென்கரைக்குச் சென்று, அங்கே பல வாரங்கள் தங்க வேண்டியிருந்தது. அதே கரைக்குக் கடலைக் கடந்து கீழக்கரைச் சோனகரும், தூத்துக்குடிப் பரதவரும், யாழ்ப்பாணத்துத் தமிழரும் வந்தனர். பிற்காலத்திலே பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியரும் வந்து சேர்ந்தனர். எனவே சலாபத்தை ஒரு தொழில் என்று மட்டும் சொல்வது போதாது. ஆண்டுக்கொரு பருவத்தில் ஆயிரக்கணக்கான உழைப்பாளரை ஓரிடத்துக்கு இழுத்து, பிறகு கலைத்துவிடும் பெரியதோர் இடப்பெயர்ச்சியாகவும் அது இருந்தது.

இந்த இடப்பெயர்ச்சியை அரசாங்கம் தன் பிடிக்குள் வைத்திருந்த விதம் கவனிக்கத்தக்கது. 1560ஆம் ஆண்டில் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658ஆம் ஆண்டில் அவர்களை வென்று வந்த ஒல்லாந்தரும் முத்துக்குளிப்பைத் தங்கள் உரிமையாகவே நடத்தினர். அக்காலத்தில் சுழியோடியை எண்ணுவதற்குக் ‘கல்’ என்பதே அளவாக இருந்தது. சுழியோடி கடலின் அடித்தளத்துக்கு விரைந்து இறங்குவதற்காகக் காலில் பற்றிக்கொள்ளும் கல்லே அது. ஒரு தோணியில் இத்தனை கல், ஒரு கல்லுக்கு இவ்வளவு வரி என்று கணக்கு எழுதப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் அந்த வரியும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. கிறித்தவருக்குக் குறைவாகவும் முஸ்லிம்களுக்குக் கூடுதலாகவும் அது விதிக்கப்பட்டது. மூச்சை அடக்கி ஒரே ஆழத்துக்கு இறங்கிய இருவரிடம், அவரவர் சமயத்தைக் கேட்டு வெவ்வேறு தொகை வாங்கிய கொள்கை அது!

1796ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இலங்கையின் கரையோரத்தைக் கைப்பற்றியதும், முதன்முதலாக அவர்கள் கண்ணில் பட்ட செல்வங்களுள் முத்துப்பாரும் ஒன்று. அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் சலாபம் கூட்டினார்கள். பெருந்தொகை கிடைத்தது. அளவு மீறிக் குளித்ததால் பார்களும் வறண்டன. ஆயினும் முதல் ஆங்கிலத் தேசாதிபதியாகிய பிரெடெரிக் நோர்த், சலாபத்தை மேற்பார்வையிடுவதற்கென்று அரிப்புக் கரையிலே தூண்கள் நிறைந்த மாளிகை ஒன்றை எழுப்பினார். அதன் இடிபாடுகளை அரிப்புக் கடற்கரையில் காணலாம். அல்லி அரசியின் கோட்டை என்று ஊர்மக்கள் அதனை அழைப்பர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் சலாபம் நடைபெற்ற முறையைச் சற்று விரிவாகக் காண்போம். முதலில் அரசாங்கத்தின் பரிசோதகர் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றிலுள்ள முத்துகளை மதிப்பிடுவர். வருவாய் வரும் என்று தெரிந்தால் மட்டுமே அறிவிப்பு வெளியாகும். பெப்ரவரி இறுதியிலோ மார்ச் மாதத்திலோ தொடங்கி, தென்மேற்குப் பருவக்காற்று எழுவதற்கு முன், ஏப்ரல் அளவில் வேலை முடிந்துவிடும்.

நள்ளிரவு கடந்தபின் நிலக்காற்றைப் பிடித்துத் தோணிகள் பாருக்குப் புறப்படும். விடிந்ததும் வேலை தொடங்கும். இருவர் இருவராகச் சுழியோடுவர். ஒருவர் இறங்க, மற்றவர் மேலே களைப்பாறுவார். அவர்களுக்குக் கயிறு பிடிப்பதற்கென்று தோணியில் ஆட்கள் உண்டு. ஐந்து பாகம் முதல் பத்துப் பாகம் வரையிலான ஆழத்தில், ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்துக்குள், கைக்கு எட்டிய சிப்பிகளை வலைக்கூடையில் வாரிப் போட்டுக்கொண்டு கயிற்றை அசைக்க வேண்டும். அராபியர் மூக்கை இறுக்கக் கொம்பினாலான கவ்வி ஒன்றை அணிந்தனர். நம்மவர் விரல்களாலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டனர். காதிலும் மூக்கிலும் இரத்தம் வருவது புதுமையன்று. சுறாவுக்கு அஞ்சி மந்திரம் ஓதும் ‘கடல்கட்டி’ ஒருவரை அரசாங்கமே ஊதியம் கொடுத்து வைத்திருந்தது. அந்த மந்திரத்தில் அதிகாரிகளுக்கு நம்பிக்கை இல்லாதிருந்தாலும், அது இன்றேல் சுழியோடிகள் நீரில் இறங்க மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். உழைப்பாளியின் அச்சத்தைக்கூட வருவாய்க் கணக்கில் ஒரு செலவாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதே இதன் பொருள்.

பிற்பகலில் கடற்காற்று எழும்போது தோணிகள் கரைக்குத் திரும்பும். கரையிலே ‘கொட்டு’ என்னும் பெரிய அடைப்பு ஒன்று இருக்கும். எடுத்த சிப்பி முழுவதையும் சுழியோடிகள் அதனுள்ளே கொண்டுசென்று மூன்று குவியல்களாகப் பிரிக்க வேண்டும். அவற்றுள் எந்த இரண்டு அரசாங்கத்துக்குரியவை என்பதை அதிகாரி தெரிந்தெடுப்பார். எஞ்சிய ஒன்று உழைத்தவர்களுக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தப் பங்கு நான்கில் ஒன்றாகவே இருந்தது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அரசாங்கத்தின் குவியல்கள் மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விலைகூறப்படும். சுழியோடியின் பங்கோ கொட்டின் வாயிலிலேயே, காத்து நிற்கும் சிறு வணிகரிடம் அவசரமாகக் கைமாறும். கூலியைக் காசாகப் பெறாமல் சிப்பியாகப் பெற்றதனால், உள்ளே முத்து இருக்குமா என்ற ஐயமும், விலை இறங்குமோ என்ற அச்சமும் உழைத்தவன் தலைமேலேயே விழுந்தன.

1905ஆம் ஆண்டுச் சலாபம் அண்மை நூற்றாண்டுகளில் மிகப் பெரிதாகப் பேசப்படுவது. முந்நூறுக்கு மேற்பட்ட தோணிகளும் சுமார் 5,000 சுழியோடிகளும் அதிற் கலந்துகொண்டனர். எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரை சேர்ந்தன. அரசாங்கத்துக்குச் சுமார் 25 இலட்சம் ரூபா கிடைத்தது. இங்கே ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பங்குக்கு 25 இலட்சம் என்றால், உழைத்தவர்களின் ஒரு பங்கு அதே விலைக்கு விற்றிருந்தாலும் பன்னிரண்டரை இலட்சத்தைத் தாண்டியிராது. சுழியோடிகளும் கயிறு பிடிப்போருமாகப் பதினாயிரம் பேர் அதைப் பகிர வேண்டும். தோணிக்காரனுக்குரிய பங்கைக் கழிப்பதற்கு முன்பே ஆளுக்கு நூற்றிருபத்தைந்து ரூபா அளவில்தான் வரும். அக்காலத்தில் அது சிறு தொகையன்று என்பது உண்மையே. ஆனால் அடுத்த சலாபம் வரும் என்ற உறுதி ஒருவருக்கும் இல்லை.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது நீதியன்று. வெறும் மணற்காடாகக் கிடந்த மரிச்சுக்கட்டியிலே சில வாரங்களுக்குள் ஒரு நகரத்தையே அது எழுப்பியது. முப்பதினாயிரம், நாற்பதினாயிரம் மக்கள் கூடிய அந்த ஓலைக் குடிசை நகரத்தில் வீதிகள் இருந்தன; கடைத்தெரு இருந்தது; நீதிமன்றமும் பொலிசும் மருத்துவமனையும் இருந்தன. நீர் வழங்கவும் நோயாளரைப் பிரித்து வைக்கவும் ஏற்பாடுகள் இருந்தன. பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளராகிய லெனாட் வுல்ஃப், இளம் அதிகாரியாக 1906ஆம் ஆண்டில் அங்கே கொட்டின் கண்காணிப்பு வேலையைச் செய்து, அந்நாட்களைப் பற்றித் தம் வாழ்க்கை வரலாற்றிலும் எழுதினார். கோடிக்கணக்கான சிப்பிகள் அழுகும் நாற்றமும், ஈக்களின் மொய்ப்பும், வாந்திபேதி வந்துவிடுமோ என்ற ஓயாத கவலையும் நிறைந்த இடம் அது. அத்தனை மக்களை அங்கே ஒழுங்காக வைத்திருந்தது நிர்வாகத் திறமைதான். ஆயினும் சலாபம் முடிந்ததும் நகரம் கலைக்கப்பட்டது, மருத்துவரும் சென்றார், நீதிபதியும் சென்றார். அரசாங்கத்துக்கு உழைப்பாளியோடு இருந்த உறவும் அந்த ஓலைக் குடிசைகளோடு கலைந்தது.

இனிச் சலாபம் இல்லாத காலங்களைப் பார்ப்போம். 1838 முதல் 1854 வரை பார்கள் பொய்த்தன. 1891க்குப் பின் 1903 வரை மீண்டும் சலாபம் இல்லை. அந்த இடைவெளி அரசாங்கத்தைக் கவலைகொள்ளச் செய்தது. ஹேர்ட்மன் என்ற இயற்கை வரலாற்றுப் பேராசிரியரை இங்கிலாந்திலிருந்து வரவழைத்து, சிப்பிகள் ஏன் மறைகின்றன என்று ஆராயச் செய்தது. ஐந்து பெருந்தொகுதிகளாக அவ்வறிக்கை வெளிவந்தது. சிப்பி ஏன் மறைகிறது என்று ஆராய ஐந்து தொகுதிகள்! சிப்பி மறைந்தபோது சுழியோடி என்ன ஆனான் என்று ஆராய ஒரு தொகுதியேனும் எழுதப்பட்டிருந்தால், எருக்கலம்பிட்டியின் வரலாறு நமக்கு இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

1906ஆம் ஆண்டில் அரசாங்கம் பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபா குத்தகைக்கு, இருபது ஆண்டுகளுக்கென்று ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்தது. 1907க்குப் பின் சிப்பி கிடைக்கவில்லை. கம்பெனி கலைந்தது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1925இல், பழைய முறையிலான சலாபம் கடைசியாக ஒருமுறை நடந்தது. அத்துடன் ஈராயிரம் ஆண்டுப் புகழ்பெற்ற ஒரு தொழில் முடிந்தது. சங்கையும் மீனையும் நம்பி எருக்கலம்பிட்டியார் வாழ்க்கையைத் தொடர்ந்தனர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். அரசாங்க உத்தியோகங்களிலும் வணிகத்திலும் பலர் முன்னேறினர்.

உழைப்பாளியைப் பற்றிய இதே பார்வையை அக்காலத்து அரசாங்கத்தின் மற்றொரு செயலிலும் காணலாம். மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நடந்து சென்ற தென்னிந்தியத் தொழிலாளர் பலர் பசியாலும் நோயாலும் வழியிலேயே மடிந்தனர். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டுச் செல்லும் தொழிலாளியைச் சிறையிலிட இடந்தந்தது. இந்தியாவில் கொள்ளை நோய் பரவிய காலத்தில், 1899ஆம் ஆண்டில், அவ்வழியே மூடப்பட்டது. வேலைக்கு வருபவனைத் தடுத்து வைக்கவும், வேலையை விடுபவனைப் பிடித்து வைக்கவும் சட்டம் இருந்தது. அவன் வந்த வழியையும் திரும்பும் வழியையும் காக்கும் சட்டம் மிகப் பிந்தியே வந்தது.

எருக்கலம்பிட்டி மக்கள் மீண்டும் ஒருமுறை தென்கரைக்குச் சென்றனர். இம்முறை அது பருவத் தொழிலுக்காக அன்று. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறுமாறு தமிழீழ விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 பேர் சில நாட்களுக்குள் வீடும் நிலமும் தொழிலும் இழந்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் மன்னார் மாவட்டத்தவர். மன்னார்த் தீவிலிருந்து பெரும்பாலோர் தோணிகளிலே ஏறி, அரிப்பையும் பழைய முத்துப்பார்களையும் கடந்து, கற்பிட்டிக் கரையில் இறங்கினர். முன்னோர் சலாபத்துக்குப் போன அதே கடல் அது. அவர்கள் பங்கையேனும் பெற்றுத் திரும்பினார்கள். இவர்கள் கையில் ஒன்றுமில்லை.

புத்தளம் மாவட்டத்து முஸ்லிம்கள் தங்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்து, சமைத்த உணவு கொடுத்து வரவேற்றார்கள். அது மறக்கத்தகாத செயல். ஆனால் வறிய மாவட்டம் ஒன்று தன் மக்கள்தொகையோடு பல்லாயிரம் பேரைத் திடீரென்று தாங்குவது எளிதன்று. கடலும் கடையும் உத்தியோகமும் அறிந்த மக்கள் கற்பிட்டியின் வெங்காயத் தோட்டங்களிலும் புத்தளத்து உப்பளங்களிலும் நாட்கூலிகளாயினர். வேலைக்கு ஆட்கள் பெருகியதால் கூலி குறைந்தது. கூலி குறைந்ததால், அதே வேலையை முன்பு செய்துவந்த உள்ளூர் ஏழைக்கு மனக்கசப்பு உண்டாயிற்று. கிணற்றடியிலும் பாடசாலை வகுப்பிலும் மருத்துவமனை வரிசையிலும் அக்கசப்பு வெளிப்பட்டது. விருந்தினர் என்ற சொல் ஓராண்டுக்குப் பொருந்தும். பத்தாண்டு, இருபதாண்டுக்கு அது பொருந்துமா?

இந்நிலையில் அரசாங்கத்தின் கொள்கை உலர் உணவு அட்டையாக வந்தது. அட்டை பட்டினியைத் தடுத்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் அட்டை உள்ளவர் ‘இடம்பெயர்ந்தவர்’. அட்டை இல்லாதவர் ‘வதிபவர்’. புத்தளத்தில் வாக்காளராகப் பதிந்தால் அட்டையும் மன்னாரிலுள்ள உரிமையும் போய்விடுமோ என்று மக்கள் அஞ்சினர். பதியாவிட்டால், தாம் வாழும் ஊரின் நிர்வாகத்தில் அவர்களுக்குக் குரல் இல்லை. புத்தளத்திலே பிறந்து, மன்னாரைக் கண்ணால் காணாத பிள்ளைகளும் இடம்பெயர்ந்தோர் என்றே எழுதப்பட்டனர். பாலாவியை அடுத்த நாகவில்லுப் பகுதியில் எருக்கலம்பிட்டியார் பலர் குடியமர்ந்து, ஊரின் நினைவைப் பேணி வாழ்ந்தனர். அவர்கள் எந்த ஊர் மக்கள் என்ற கேள்விக்கு அரசாங்கப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது.

2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபோது ஊர் திரும்பும் வாயில் திறந்தது. ஆனால் 2008க்குப் பின் இடம்பெயர்ந்தோரைப் ‘புதியவர்’ என்றும், 1990இல் வந்தோரைப் ‘பழையவர்’ என்றும் பிரித்து, முகாம்களில் அடைபட்டிருந்த புதியவர்களுக்கே முதலிடம் தரப்பட்டது. அவர்களுடைய துன்பமும் பெரிதே. ஆயினும் ஒருவரின் துன்பம் பழையதாகிவிட்டால் குறைந்துவிடுமா என்று கேட்கத் தோன்றுகிறது. 1990இல் ஒரு குடும்பமாகச் சென்றவர்கள் மூன்று, நான்கு குடும்பங்களாகத் திரும்பினர். காணியோ ஒன்றே. வீடுகள் கூரையிழந்து, முற்றத்தில் முள்மரம் வளர்ந்து கிடந்தது. பிள்ளைகளின் படிப்பு புத்தளத்தில், தொழில் மன்னாரில் என்று பலர் இரு கரைகளுக்கும் இடையே அலைந்தனர்.

சட்டங்களும் மெல்ல மெல்ல வந்தன. 2011ஆம் ஆண்டில் வெளியான கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை, வட மாகாண முஸ்லிம்களின் நிலையைத் தனியே கவனிக்க வேண்டும் என்று எடுத்துரைத்தது. 2013இல் இயற்றப்பட்ட சிறப்புச் சட்டம் ஒன்று, இடம்பெயர்ந்தோர் தம் பழைய ஊரில் வாக்காளராகப் பதிவதற்கு வழிசெய்தது. காணி விடயத்தில் மற்றொரு சிக்கல் இருந்தது. ஒருவரின் காணியில் வேறொருவர் பத்து ஆண்டுகள் தடையின்றி இருந்தால் அவருக்கே உரிமை கிடைக்கலாம் என்பது நாட்டின் பழைய சட்டம். துப்பாக்கிக்கு அஞ்சி ஓடியவர் பத்து ஆண்டுகளுக்குள் வந்து வழக்குப் போடுவது எப்படி? 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே முதல் 2009 மே வரையிலான காலத்தை அந்தக் கணக்கிலிருந்து கழித்தது. நல்ல சட்டம்தான். ஆனால் வழக்குத் தொடர இரண்டே ஆண்டுகள் தவணை தந்தது. இருபத்தாறு ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகள்!

இந்த இரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. சலாபக் காலத்து அரசாங்கம் மனிதனைக் கல்லாக எண்ணியது. அகதிக் காலத்து அரசாங்கம் அவனை அட்டையாக எண்ணியது. முன்னது வருவாயை நாடியது. பின்னது உதவியை நாடியது. நோக்கத்திலே பெரிய வேறுபாடு உண்டு. ஆனால் இரண்டும் அவன் நிற்கும் இடத்தை மட்டும் பார்த்தன. அவன் வந்த இடத்தையும் போக வேண்டிய இடத்தையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

தொழிலுக்காகவோ உயிருக்காகவோ ஊரைவிட்டுச் செல்பவனுக்கு இரண்டு ஊர்கள் உண்டு. அவனை ஓர் ஊரில் மட்டும் எழுதினால், மற்ற ஊரில் அவன் உரிமை அழிந்துபோகிறது. வாக்கு, காணி, பள்ளிக்கூடம், மருத்துவம் ஆகிய நான்கும் அவனோடு கூடவே பயணம் செய்ய வேண்டும். வரவேற்கும் ஊருக்கும் அதன் சுமைக்கேற்ற பங்கு கிடைக்க வேண்டும். வேலையும் நெருக்கடியும் முடிந்த மறுநாளும் அரசாங்கம் அவனைத் தேடிச் சென்று கணக்கெடுக்க வேண்டும். கொட்டிலே குவியல்களைப் பிரித்த அதிகாரிக்கு அரசாங்கத்தின் பங்கு எது என்று நன்றாகத் தெரிந்திருந்தது. உழைத்தவனுக்கு உரிய பங்கு எது என்பதை அதே தெளிவோடு அறிந்து எழுதும் நிர்வாகத்தையே எருக்கலம்பிட்டியின் வரலாறு கேட்கிறது.